எந்த மிருகத்துக்கு எந்தத் தோட்டா?

வேட்டைக்குப் புதிதாகத் துப்பாக்கி வாங்கப் போகிறவனுக்கு யோசனை சொல்ல ஊரில் ஆளுக்குப் பஞ்சமே இருந்ததில்லை. "பெரிதாக வாங்கு, பட்டால் மலையே சாயவேண்டும்" என்பார் ஒருவர். "சிறிதாக வாங்கு, குறி தப்பாது" என்பார் இன்னொருவர். இருவர் பேச்சிலும் பாதி உண்மை உண்டு. மீதிப் பாதியைக் காட்டுக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்குக் கொடுத்த விலை சில சமயம் மனித உயிராகவே இருந்தது.

1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும், 1991இல் அதற்கு வந்த திருத்தமும் பொழுதுபோக்கு வேட்டைக்கு நம் நாட்டில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டன. அப்படியிருக்க, இன்றைக்கு இந்தப் பேச்சு எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். வேட்டை முடிந்தாலும் கேள்வி முடியவில்லை. நிலக்கடலையும் மரவள்ளியும் போட்ட குடியானவன் காட்டுப்பன்றியால் தூக்கமிழந்து நிற்கிறான். அந்தப் பன்றியைச் சுடலாமா, யார் சுடுவது, எதைக்கொண்டு சுடுவது என்று அரசாங்கமே உத்தரவு போடுகிற காலம் இது. ஆகவே பழைய வேட்டைக்காரர்கள் பட்டறிந்த பாடம் இப்போதும் பிரயோஜனப்படும்.

ரவையும் குண்டும்

முதலில், நிலம்தான் துப்பாக்கியைத் தீர்மானிக்கிறது என்பதைக் கவனிக்கவேண்டும். சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் ரயிலில் எண்ணூரைத் தாண்டி அத்திப்பட்டில் இறங்கிப் பாருங்கள். கொசஸ்தலையாற்றின் கழிமுகம், உப்பளம், சதுப்பு, அனல் மின்நிலையத்தின் புகைபோக்கிகள். கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மேடு கிடையாது. வடக்கே போனால் பழவேற்காடு ஏரி. வெள்ளைக்கார துரைமார் சென்னையில் இருந்த நாளில் இந்த உப்பங்கழிப் பிரதேசத்துக்கு வந்தது வாத்துக்கும் உள்ளானுக்கும்தான். அதற்கு வேண்டியது ரவைத் துப்பாக்கி. (1980இல் பழவேற்காட்டின் தமிழ்நாட்டுப் பகுதி பறவைகள் சரணாலயமாகிவிட்டது. இப்போது அங்கே கண்ணால் பார்ப்பதோடு சரி.)

ரவைத் துப்பாக்கியின் குழல் உள்ளே வழவழவென்று இருக்கும். ஒரு தோட்டாவில் நூற்றுக்கணக்கான ஈய ரவைகள். சுட்டதும் அவை கூட்டமாகப் பரவிப் போகும். பறக்கிற பறவைக்கு அதுதான் ஏற்றது. ஐம்பது கஜத்துக்கு அப்பால் அதன் வேகம் செத்துவிடும். "12 போர்" என்று சொல்லுகிறார்களே, அதன் கணக்கு வேடிக்கையானது. ஒரு இராத்தல் ஈயத்தை 12 சம உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டை எந்தக் குழலில் சரியாக நுழையுமோ அது 12 போர். எண் கூடக் கூடக் குழல் சிறுக்கும்.

ரைபிள் வேறு ஜாதி. அதன் குழலுக்குள் திருகுபோல் வரிப்பள்ளம் வெட்டியிருப்பார்கள். குண்டு அதில் அகப்பட்டுப் பம்பரம்போல் சுழன்றுகொண்டே வெளியேறும். சுழல்வதால்தான் பம்பரம் சாயாமல் நிற்கிறது. அதே காரணத்தால் குண்டும் புரளாமல் நேராகப் போகிறது. ஆனால் அது போகும் தூரம் கொஞ்சநஞ்சமல்ல. சிறுவர்கள் இலக்குப் பழகும் .22 குண்டுகூட ஒன்றரைக் கிலோமீட்டர் வரை போகும். அத்திப்பட்டு போன்ற தட்டை நிலத்தில், நாலு பக்கமும் ஜனங்கள் நடமாடும் இடத்தில், ரைபிளைக் கிடைமட்டமாக நீட்டிச் சுடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு கல் எறிவதற்குச் சமானம். ரைபிளுக்கு உரிய இடம் மலையும் மேடும் உள்ள காடு. ஆகையால் நாமும் மேற்கே மலைப்பக்கம் போவோம்.

எது நடுத்தரம்?

வேட்டைக்காரர்கள் மிருகங்களை மூன்று தரமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். யானையும், ஆயிரம் கிலோவை நெருங்கும் காட்டெருமையும் பெரிய தரம். முயல், காட்டுக்கோழி எல்லாம் சிறிய தரம். இடையில் உள்ளவைதான் நடுத்தரம். முப்பது, நாற்பது கிலோ எடையுள்ள வெளிமான், அதைப்போல் இரட்டிப்பு எடையுள்ள புள்ளிமான், நூறு கிலோவரை வளரும் நீலகிரி வரையாடு, அதையும் மிஞ்சக்கூடிய காட்டுப்பன்றி, இருநூறு கிலோவுக்கு மேல் போகும் கடமான் எல்லாம் இந்த வகுப்பு. சிறுத்தை எடையால் இந்த வகுப்பில் சேரும். புலி எடையால் கடமானோடு நிற்கும். குணத்தால் இரண்டும் தனி.

ஒரே துப்பாக்கி வாங்கத்தான் ஒருவனுக்குச் சக்தி இருக்கிறது என்றால், வெளிமானுக்கும் கடமானுக்கும் பொதுவாக எதை வாங்குவது? இதுதான் அந்த நாளைய கேள்வி. அந்தக் காலத்துச் சென்னையில் துப்பாக்கி வாங்க இடத்துக்குக் குறைவில்லை. மவுண்ட் ரோட்டில் கடிகாரத்துக்குப் பேர்போன பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனியின் பெயர் பொறித்த வேட்டைத் துப்பாக்கிகளும் உண்டு. பணமுள்ளவர்கள் இலங்கிலாந்துக்கே எழுதித் தருவித்தார்கள். ஆனால் கடைக்காரன் விற்பது துப்பாக்கியைத்தான்; தேர்ந்தெடுக்கும் புத்தியை அவன் விற்பதில்லை. அந்தப் புத்தியை இருவரிடமிருந்து கற்றுக்கொள்ளலாம். ஒருவர் இமயமலை அடிவாரத்து ஜிம் கார்பெட். மற்றவர் நமக்கு வெகு சமீபத்தில், ஓசூர்ப் பக்கத்துக் காடுகளில் திரிந்த கென்னத் ஆண்டர்சன்.

மூன்று தோட்டாக்கள்

1907இல் குமாவுன் பிரதேசத்துச் சம்பாவத் என்ற ஊரில் ஒரு பெண்புலியைக் கார்பெட் கொன்றார். நேபாளத்திலும் குமாவுனிலுமாக 436 பேரை அது தின்றிருந்ததாகக் கணக்கு. அன்று அவர் கையில் இருந்தது .500 அங்குல இரட்டைக் குழல் ரைபிள். கனமான ஆயுதம், கனமான தோட்டா. கொண்டு போனது 3 தோட்டாக்கள் மட்டுமே. மூன்றும் தீர்ந்த பிறகும் புலி நின்றுகொண்டிருந்தது. கார்பெட் ஓடிப்போய், உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிவந்து, ஏறக்குறைய இருபதடி தூரத்தில் புலியின் திறந்த வாய்க்குக் குறிவைத்துச் சுட்டார். புலி விழுந்தது. பிறகு பார்த்தால் குண்டு பட்டிருந்தது வாயிலல்ல, முன்னங்காலில்! ஏற்கெனவே பட்ட காயத்தால்தான் புலி மாண்டிருந்தது.

அந்தப் புலியின் வாயைப் பார்த்தபோது இன்னொன்று தெரிந்தது. வலப்பக்கத்துக் கோரைப்பற்களில் மேல் பல் பாதியாகவும், கீழ்ப்பல் எலும்போடும் உடைந்திருந்தன. அது பழைய துப்பாக்கிக் காயம் என்று கார்பெட் எழுதினார். யாரோ ஒருவன், என்றோ ஒருநாள், அரைகுறையாகச் சுட்டுவிட்டுப் போயிருக்கிறான். பல் போன புலியால் தன் இயற்கையான இரையை அடிக்க முடியவில்லை. சுட்டவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. புல் அறுக்கப் போன பெண்களும் விறகு பொறுக்கப் போனவர்களும் அவனுடைய கடனைத் தீர்த்தார்கள்.

துப்பாக்கி தேர்வு செய்வதில் உள்ள தர்மசங்கடம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. தவறான தேர்வின் பலனைத் தேர்ந்தெடுத்தவன் அனுபவிப்பதில்லை. குண்டடிபட்டு ஓடிய மிருகம் எந்த ஊர் எல்லையில் போய் நிற்கிறதோ, அந்த ஊர் அனுபவிக்கிறது.

சம்பாவத் புலியைக் கொன்றதற்காக மாகாண லெப்டினன்ட் கவர்னர் ஹியூவெட் துரை கார்பெட்டுக்கு ஒரு ரைபிளைப் பரிசளித்தார். இலண்டன் ரிக்பி கம்பெனி செய்த .275. ஜெர்மனியின் மௌசர் கம்பெனி 1890களின் ஆரம்பத்தில் கொண்டுவந்த 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இங்கிலீஷ்காரர்கள் வைத்த பெயர்தான் .275. குண்டின் எடை சுமார் 9 கிராம். விநாடிக்கு 800 மீட்டருக்கு மேல் வேகம். துப்பாக்கியும் இலேசு.

அந்த இலேசான .275தான் 1930இல் சௌகட் புலியிடமிருந்து அவர் உயிரைக் காத்தது. பாறை இடுக்கைத் தாண்டித் திரும்பினால், சில அடி தூரத்தில் புலி படுத்தபடியே அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இடது கையில் வழியில் எடுத்த பறவை முட்டைகள். வலது கையில் ரைபிள். அதன் வாயோ வேறு திசையில். வேகமாக அசைந்தால் புலி பாயும். ஒரே கையால், அங்குலம் அங்குலமாகத் துப்பாக்கியைத் திருப்பிச் சுட்டார். தாம் பிழைத்ததற்குச் சொன்ன காரணங்களில் துப்பாக்கி இலேசாக இருந்ததையும் ஒன்றாகக் கார்பெட் குறிப்பிட்டிருக்கிறார். கனத்த இரட்டைக் குழலாக இருந்தால் ஒரு கையால் அப்படிச் சுழற்றியிருக்க முடியுமா?

ஜவளகிரிக் காடு

ஆண்டர்சனின் (1910–1974) கட்சி வேறு. பெங்களூர்க்காரரான அவர் அந்த நாளைய சேலம் ஜில்லாவில், இப்போது கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களான பிரதேசத்தில், ஜவளகிரி, சிவனிபள்ளி, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி என்று காடு காடாக அலைந்தவர். அவருடைய முதல் புத்தகம் 1954இல் வெளிவந்தது. அதில் ஜவளகிரி ஆட்கொல்லிக்கு ஓர் அத்தியாயம் உண்டு. அவருடைய ஆயுதம் அமெரிக்க வின்செஸ்டர் கம்பெனியின் 1895ஆம் வருஷத்து மாதிரி, .405 தோட்டா. விசைக்குக் கீழே உள்ள நெம்புகோலைக் கீழே தள்ளி மேலே இழுத்தால் அடுத்த தோட்டா ஏறிவிடும். ஜான் பிரௌனிங் என்ற மேதை வடிவமைத்தது. 1909இல் அமெரிக்க ஜனாதிபதி பதவியை விட்டிறங்கிய தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கச் சிங்க வேட்டைக்கு எடுத்துச் சென்றதும் இதே .405தான்.

அதன் குண்டு 19 கிராமுக்கு மேல். .275 குண்டைப்போல் இரண்டு மடங்கு. ஆனால் வேகம் விநாடிக்கு 670 மீட்டர்தான். அடர்ந்த புதரில், முப்பது நாற்பது கஜத்தில், பெரும்பாலும் இருட்டில், புலியைச் சந்திக்கிறவனுக்கு வேகம் எதற்கு? கனமான குண்டு, கைக்குப் பழகிய நெம்புகோல், அடுத்தடுத்துச் சுட வசதி. அவர் வேலைக்கு அது பொருந்தியது. ஆட்கொல்லிகள் பல, முன்பு எவனோ சுட்டுக் காயப்படுத்தி விட்டவையே என்று ஆண்டர்சனும் திரும்பத் திரும்ப எழுதினார். வடக்கே ஒருவரும் தெற்கே ஒருவரும் தனித்தனியே கண்ட உண்மை ஒன்றாகவே இருந்தது.

எடை, வேகம், உதை

இப்போது கணக்கைப் பார்க்கலாம். நடுத்தர மிருகங்களுக்குப் பேசப்படும் தோட்டாக்கள் ஐந்து. .275: 9 கிராம் குண்டு, விநாடிக்கு 840 மீட்டர் வேகம். அமெரிக்க ராணுவம் 1906இல் கொண்டுவந்த .30-06: குண்டு பெரும்பாலும் 11.7 கிராம், வேகம் 820 மீட்டர். (பெயரில் உள்ள 06 வருஷத்தைக் குறிக்கும்.) நம் நாட்டு .315: குண்டு 15.8 கிராம், வேகம் 600 மீட்டர் சுமார். ஆண்டர்சனின் .405: 19.4 கிராம், 670 மீட்டர். 1912இல் ஹாலண்டு அண்டு ஹாலண்டு கம்பெனி வெளியிட்ட .375: அதே 19.4 கிராம், 770 மீட்டர்.

குண்டின் எடையும் வேகமும் கூடினால் பாய்ச்சலும் கூடும். கூடவே தோளில் விழும் உதையும் கூடும். முன்னே போகும் குண்டுக்கும் மருந்துக்கும் பதிலாகத் துப்பாக்கி பின்னே வந்தே தீரும். நியூட்டன் விதிக்கு வேட்டைக்காரன் மட்டும் விலக்கல்ல. துப்பாக்கி கனமாக இருந்தால் உதை குறையும். ஆனால் அந்தக் கனத்தை நாள் முழுதும் மலையேற்றத்தில் சுமக்கவேண்டும். உதைக்குப் பயந்தவன் விசையை இழுக்கும்போதே கண்ணை மூடித் தோளைச் சுருக்குவான். குழல் ஒரு நூல் அசைந்தால் நூறு கஜத்தில் குண்டு ஒரு சாண் விலகும். இதயத்துக்கு வைத்த குறி வயிற்றில் படும். .375இன் குண்டு வயிற்றில் பட்டால் மிருகம் அங்கேயே விழாது. ஓடிப்போய் இரண்டு நாள் கழித்துச் சாகும், அல்லது சாகாமல் திரும்பிவரும். .275இன் குண்டு முன்னங்காலுக்குச் சற்றுப் பின்னே, உடம்பின் கீழ் மூன்றிலொரு பாகத்தில், இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தில் பட்டால் கடமானும் சில விநாடிகளில் விழும்.

ஆப்பிரிக்காவில் பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளை, அவற்றில் பெரும்பாலானவற்றை இந்தச் சிறிய .275 தோட்டாவாலேயே வீழ்த்தினார் என்பது சரித்திரம். யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை இருக்கும் இடத்தை அவர் படித்து வைத்திருந்தார். அவரைப் பார்த்து எல்லாரும் யானைக்கு .275 எடுத்துப் போயிருந்தால் விபரீதம்தான். அவருக்குப் பலித்தது படிப்பாலும் பொறுமையாலும். "குருவி தலையில் பனங்காய்" என்று சொல்லுவார்கள். தோள் தாங்காத தோட்டாவும் அப்படித்தான். எந்தத் தோட்டாவைக் கண் சிமிட்டாமல் சுட முடிகிறதோ, அவற்றில் பெரியது எதுவோ, அதுதான் அவனவனுக்கு உரிய தோட்டா.

குண்டின் மூக்கு

துப்பாக்கியைப் பற்றி மணிக்கணக்காகப் பேசுகிறவர்கள் குண்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. வேலை செய்வது குண்டுதான். உலோக உறை முழுவதும் மூடிய குண்டு மிருகத்தை ஊசிபோல் துளைத்து மறுபக்கம் போய்விடும். மிருகம் ஓடிவிடும், போன குண்டு வேறு எதையாவது தேடிப் போகும். மூக்கில் ஈயம் வெளியே தெரியும் குண்டு உடம்பில் பட்டதும் காளான்போல் விரியும். தன் பலத்தையெல்லாம் உள்ளேயே இறக்கிவிடும்.

இந்த விரியும் குண்டுக்கும் நம் நாட்டுக்கும் சம்பந்தம் உண்டு. கல்கத்தாவுக்கு அருகே டம்டம் ஆயுதச்சாலையில் 1890களில் ராணுவத்துக்கென்று இதைச் செய்தார்கள். அதனால் உலகம் முழுவதும் இதற்கு "டம்டம் குண்டு" என்றே பெயர். மனிதர்மேல் இதைப் பிரயோகிப்பது கொடுமை என்று 1899இல் ஹேக் மாநாடு யுத்தத்தில் இதைத் தடுத்தது. ஆனால் மானைச் சுடும்போது விரியும் குண்டுதான் வேண்டும் என்று பல நாடுகள் சட்டமே போட்டிருக்கின்றன. யுத்தத்தில் கொடுமையாகக் கருதப்பட்டது வேட்டையில் கருணையாகிறது. காரணம் எளிது: மிருகத்துக்கு ஆஸ்பத்திரி கிடையாது. காயத்தோடு விடுவதைவிட உடனே கொல்வதே மேல்.

சட்டம் தேர்ந்தெடுத்த தோட்டா

நம் நாட்டில் வேட்டைக்காரனுக்கு முன்பே தோட்டாவைத் தேர்ந்தெடுத்தது சட்டம். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்கார அரசாங்கம் .450 அளவுள்ள ரைபிள்கள் இந்தியாவுக்குள் வருவதைத் தடுத்தது. அந்த அளவில் பழைய ராணுவத் துப்பாக்கிகள் எல்லைப்புறத்தில் கலகக்காரர் கையில் இருந்தன. வேட்டைத் தோட்டா என்ற பெயரில் அவர்களுக்குக் குண்டு போய்ச் சேருமோ என்ற பயம். உடனே இலண்டன் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதுப்புது அளவுகளைச் செய்து அனுப்பின. யானை வேட்டைக்குப் பேர்போன பல தோட்டாக்கள் ஓர் இந்தியத் தடையாணையின் குழந்தைகள் என்பது பலருக்குத் தெரியாது.

ராணுவத்தின் .303க்கும் இதே கதி. பொதுஜனம் அதை வைத்துக்கொள்ளக்கூடாது. ஆகவே .303 துப்பாக்கியின் உடம்பில் வேறு குழலைப் பொருத்தும் யுக்தி பிறந்தது. அதற்கு எடுத்துக்கொண்டது ஆஸ்திரிய ராணுவத்தின் பழைய 8 மில்லிமீட்டர் தோட்டா. அதுதான் .315. வங்காளத்தில் 1904இல் ஏற்பட்ட இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலை இந்த .315 ரைபிளை இந்தியப் பொதுஜனத்துக்கென்றே செய்துவருகிறது. அங்கே .30-06 ரகமும் செய்கிறார்கள். 2021 அக்டோபரில் பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியத்தைக் கலைத்து ஏழு கம்பெனிகளாகப் பிரித்தபோது, இஷாப்பூரும் நம் திருச்சித் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஒரே கம்பெனியின் கீழ் வந்தன.

.315இல் பகட்டு ஒன்றும் இல்லை. வேகம் குறைவு, நூறு மீட்டருக்கு அப்பால் குண்டு இறங்கத் தொடங்கிவிடும். ஆனால் கனமான குண்டு; புள்ளிமானுக்கும் பன்றிக்கும் கடமானுக்கும் போதும் என்ற பலம்; உள்நாட்டுத் தோட்டா கிடைக்கும். எங்கோ வெளிநாட்டில் செய்த அபூர்வமான துப்பாக்கியை வாங்கித் தோட்டா கிடைக்காமல் சுவரில் மாட்டி வைத்தவர்கள் எத்தனையோ பேர்.

வாங்குகிறவன் கவனிக்க

1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டமும் 2016ஆம் வருஷத்து விதிகளும்தான் இப்போது நடைமுறை. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்துக்கொள்ள முடியாது. பாட்டனார் வைத்துப்போனதும் இந்தக் கணக்கில் சேரும். லைசென்ஸ் கிடைத்துவிட்டால் பிறகு பார்க்கவேண்டியவை சில.

கண்ணை மூடிக்கொண்டு துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்துங்கள். கண்ணைத் திறந்தால் பின்குறியும் முன்குறியும் ஒரே நேர்கோட்டில் இருக்கவேண்டும். கழுத்தை நீட்டித் தேடவேண்டியிருந்தால் கட்டையின் நீளம் உங்களுக்கு ஏற்றதல்ல. விசை திடீரென்று வெட்டி இழுக்காமல் சீராக விடுபடவேண்டும். வாங்கியதும் ஐம்பது மீட்டரிலும் நூறு மீட்டரிலும் காகித இலக்கில் சுட்டுப் பார்த்து, குறியைச் சரிசெய்யவேண்டும். அதையும் வேலைக்கு உபயோகிக்கப் போகும் அதே ரகத் தோட்டாவால் செய்யவேண்டும்.

நம் சீதோஷ்ணத்தையும் மறக்கக்கூடாது. மழைக்காலத்தில் ஈரம் தோட்டாவைக் கெடுக்கும். குழலைத் துருப்பிடிக்க வைக்கும். வெயிலில் கிடந்த தோட்டாவிலோ மருந்தின் அழுத்தம் ஏறிவிடும். சுட்ட பிறகு வெற்றுக்கூடு அறையில் ஒட்டிக்கொண்டு வராது. புலி எதிரே நிற்கும்போது அது சிறிய விஷயமல்ல. வெப்ப நாடுகளுக்கென்று அழுத்தம் குறைந்த, கூடு பெருத்த தோட்டாக்களை இங்கிலீஷ்காரர்கள் செய்ததற்கு இதுவே காரணம்.

இன்றைய பன்றி

இனி நம் காலத்துக்கு வருவோம். காட்டுப்பன்றி இப்போதும் சட்டத்தின் பாதுகாப்பில் உள்ள பிராணி. வயலில் கண்டால் சுடு என்று யாருக்கும் உரிமை இல்லை. 2022இல் கேரள அரசாங்கம், பயிருக்கு நாசம் செய்யும் பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு அளித்தது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக்காரர்கள் சுடலாம். விஷம், வெடி, மின்சாரம் கூடாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் அறிவித்த ஏற்பாடு இன்னும் கட்டுப்பாடானது. காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைத் தொடக்கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விடவேண்டும். மூன்று கிலோமீட்டருக்கு அப்பால், வனத்துறையின் பயிற்சி பெற்ற ஆட்கள் சுடலாம்.

வனத்துறைக்காரர் கைக்கு எது ஏற்றது? பழைய கேள்வி புது வேஷத்தில் வந்து நிற்கிறது. ஆண்பன்றியின் தோளில் தோலும் குருத்தெலும்பும் கவசம்போல் தடித்திருக்கும். சின்ன ரவை அதில் தைத்து நிற்கும். பன்றி வெறிகொண்டு ஓடும். ரைபிள் குண்டு துளைத்துச் சுத்தமாகக் கொல்லும். ஆனால் வயல் நடுவே அது அடுத்த ஊர்வரை பறக்கும். 12 போரில் பெரிய ரவை போட்ட எல்.ஜி. தோட்டாவோ, ஒற்றைக் குண்டுத் தோட்டாவோ முப்பது நாற்பது கஜத்துக்குள் போதுமானது, அதற்கப்பால் நம்பக்கூடாது. ஆகவே ரைபிளானால் பரண்மேல் உட்கார்ந்து கீழ்நோக்கிச் சுடவேண்டும். தப்பினாலும் ஊடுருவினாலும் குண்டு மண்ணில் புதையும். மேடு பின்னால் இல்லாத இடத்தில், பரணும் இல்லையென்றால், விசையில் விரல் வைக்காமலிருப்பதே சரி.

ஆட்கொல்லிப் புலிக்குக்கூட இன்று முதல் ஆயுதம் வேறு. 2021இல் கூடலூர், மசினகுடிப் பக்கம் நான்கு பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட டி-23 புலியை, கோர்ட்டாரும் தலையிட்ட பிறகு, மூன்று வாரம் தேடி அக்டோபர் 15ஆம் தேதி மயக்க ஊசித் துப்பாக்கியால் உயிரோடு பிடித்தார்கள். அந்த ஊசிக்கும் பழைய பாடம் பொருந்தும்: எடைக்கு ஏற்ற மருந்து, பக்கத்தில் போய்ச் சதைப்பற்றான இடத்தில் ஒரே குறி.

துப்பாக்கி கைக்கு வராதவர்கள் செய்யும் காரியம்தான் பயங்கரமானது. பழத்துக்குள் வெடிமருந்து வைத்துக் கட்டும் அவுட்டுக்காயைப் பன்றிக்கென்று போடுகிறார்கள். யானை கடித்து வாய் சிதைந்து, தின்ன முடியாமல் நாட்கணக்கில் அலைந்து சாகிறது. வேலியில் மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே அப்படிப்பட்ட வேலியில் மூன்று யானைகள் ஒரே இரவில் மாண்டன. இரண்டு குட்டிகள் அநாதையாக நின்றன. பன்றிக்கு வைத்ததில் யானையும், சில சமயம் மனிதனும் விழுவதற்குக் காரணம், வெடிக்கும் கம்பிக்கும் கண் இல்லை என்பதுதான். துப்பாக்கிக்குப் பின்னால் மட்டுமே ஒரு கண் இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு யோசனையும் இருக்கவேண்டும்.

பழைய வேட்டைக்காரர்களிடம் எழுதாத விதி ஒன்று இருந்தது. சுட்டு ஓடிய மிருகத்தின் இரத்தத் தடத்தைத் தொடர்ந்து போய், அதன் வேதனையை முடித்துவிட்டுத்தான் சுட்டவன் வீடு திரும்பவேண்டும். இருட்டிவிட்டால் மறுநாள் விடியற்காலையில் திரும்ப வரவேண்டும். இன்று அரசாங்க உத்தரவின்பேரில் பன்றிக்குத் துப்பாக்கி தூக்குகிறவருக்கும் அந்த விதி மாறவில்லை. அந்தத் தடத்தில் நடக்க மனமில்லாதவர் எந்தத் தோட்டாவையும் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை.